நெடுந்தீவில் வாகன இரைச்சலின்றிச் சைக்கிள் ஓடலாமா?

கேள்வி:
வணக்கம். யாழ் நகருக்கு அண்மையில், வாகனத் தொல்லை இல்லாத பழைமையான நாட்டுப்புறத்தில் ஒரு பகல் முழுவதும் மகளுடன் சைக்கிள் ஓட விரும்புகிறேன். நெடுந்தீவு பொருந்துமா?

மறுமொழி 1:
நிச்சயமாகப் பொருந்தும். வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரையுள்ள வீதியில் பஸ்கள் ஓடுவதால் அதில் மட்டும் கவனம் தேவை. பின்னர் சைக்கிள்களைப் படகில் ஏற்றிக்கொள்ளலாம். தீவில், சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளுக்கிடையே செல்லும் ஒழுங்கைகள் உங்களை ஒல்லாந்தர் கோட்டைக்கும், உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துடைய பெருக்குமரத்துக்கும் கொண்டுசெல்லும். மட்டக்குதிரைகள் மேயும் வெளி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதாகையால், அங்கே பாதையை விட்டு விலகாதீர்கள், குதிரைகளைத் துரத்தாதீர்கள்.

மறுமொழி 2:
காலத்தையும் பாருங்கள். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதோடு, யாழ் நகரிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் பண்ணைத் தாம்போதியிலிருந்தே எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். மாசி, பங்குனியே என் தெரிவு. முருகைக்கல் விளிம்பு கத்திபோல் வெட்டும் என்பதால் மெல்லிய ரயர் வேண்டாம், மாற்று ரியூப் அவசியம். நல்ல தண்ணீர் அங்கு அரிது, போதியளவு கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மாசியில் செல்கிறோம், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்குதுறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன்.