புதுப்பிப்பு: லேண்ட் ரோவர் 109 டீசல், பின் ஆக்சில் மாற்றி முடிந்தது

ஹட்டன் பக்கம் ஓடும் என் சீரிஸ் 2ஏ லேண்ட் ரோவரில் பின் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இரண்டாம் முறை முறிந்ததும், இனி முறியாமலிருக்க என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, அடுத்து வந்த சீரிஸ் 3 நீள வண்டியின் சாலிஸ்பரி ஆக்சிலை (இன்னும் வலுவான வகை) அப்படியே போடச் சொல்லி இங்கே ஒரு அண்ணன் தந்த யோசனை. லீஃப் ஸ்பிரிங் மேல் நேராக உட்கார்ந்தது. பழையது, புதியது இரண்டுமே 4.7 பல்சக்கர விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.7 சுற்று) என்பதால் முன் டிஃப்பில் (ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி, டிஃபரென்ஷியல்) கை வைக்கவில்லை. பிந்தைய 110 மாடல் லேண்ட் ரோவரின் சாலிஸ்பரி மலிவாக விலைக்கு வந்தது, ஆனால் அதன் விகிதம் 3.54, முன்பக்கத்தோடு ஒத்துவராது. நல்லவேளை, வாங்கவில்லை. ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால் அதிலும் தொல்லை இல்லை.

எதிர்பாராத தொல்லை புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு). சாலிஸ்பரியில் அந்தத் தண்டு பொருந்தும் மூக்கு நீளம், அதனால் பழைய ஷாஃப்ட் நுழையவே இல்லை. சீரிஸ் 3-இன் குட்டை ஷாஃப்டைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம்! ஆக்சில் வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள். பிரேக் குழாயும் புதிதாக வளைக்க வேண்டியிருந்தது. டிஃப் எண்ணெய் இப்போது 2.5 லிட்டர்.

ஒரே குறை, டிஃப் இருக்கும் குண்டுப் பகுதி முன்பைவிடக் கீழே தொங்குகிறது. தோட்டப் பாதையில் நடுமேட்டை ஒருமுறை உரசியும் விட்டது. அப்புறம், முறிந்த ஆக்சில் ஷாஃப்ட் துண்டுகள் கராஜில் கிடக்கின்றன, கடப்பாரை செய்ய ஆகும்.