வாசிக்கத் தெரியாமல் தரம் 4க்கு வந்த பிள்ளைகளும் எங்கள் பெற்றோர் கூட்டமும்

கொரோனாக் காலத்தில் விட்டுப்போன படிப்பைப் பற்றி எல்லாரும் எழுதும்போது சாதாரண தரம், உயர்தரம் எழுதிய பிள்ளைகளைத்தான் சொல்கிறீர்கள். எனக்கு 2020 ஜனவரியில் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. என் மகனும் அவர்களில் ஒருவன். நாங்கள் இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், விசுவமடுவுக்கு உட்பக்கமாக ஒரு கிராமத்தில் இருக்கிறோம்.

அரிச்சுவடி பிடிக்கத் தொடங்கிய நேரத்தில், மார்ச் மாதம், பாடசாலை பூட்டப்பட்டது. பிறகு திறப்பதும் பூட்டுவதுமாகத்தான் போனது. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி பூட்டினார்கள். ஜூலையில் ஆசிரியர்கள் 24 வருடமாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காகப் போராட்டம் தொடங்கி இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தினார்கள். 200க்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள ஆரம்பப் பாடசாலைகளை அக்டோபர் 21ஆம் திகதி திறந்தபோது இந்தப் பிள்ளைகள் தரம் 2இன் பெரும்பகுதியையும் இழந்திருந்தார்கள். அடுத்த வருடம் எரிபொருள் தட்டுப்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வந்துபோகும் ஆசிரியர்கள் எப்படி வருவார்கள்?

வட்ஸ்அப்பில் பாடம் வந்தது உண்மை. ஆனால் வீட்டில் ஒரு போன்தான் இருக்கும், அதுவும் தகப்பனோடு வயலுக்குப் போய்விடும். இரவு அவர் வந்து, டேட்டா இருந்தால், பிள்ளை நித்திரைத் தூக்கத்தில் பார்க்கும். சில ஆசிரியர்கள் செயலட்டைகளை வீடு வீடாகக் கொண்டுவந்து தந்தார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் திரும்பிப் போன செயலட்டைகள் பலவற்றில் இருந்தது தாய்மாரின் கையெழுத்து.

2023இல் பிள்ளைகள் தரம் 4க்கு வந்தபோது வகுப்பாசிரியை பெற்றோர் கூட்டம் கூட்டினார். வகுப்பில் பாதிப் பேருக்குச் சரளமாக வாசிக்க வராது என்று நேரடியாகவே சொன்னார். பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று வாசிப்பார்களாம், ஏனென்றால் அது மனப்பாடம். பார்த்திராத ஒரு பந்தியைக் கொடுத்தால் கெ, கே, கொ எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது, சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் முதல் பாடவேளையை எழுத்து, வாசிப்புக்கு மட்டும் ஒதுக்கப்போவதாகச் சொன்னார்.

சண்டை அங்கேதான் தொடங்கியது.

“அடுத்த வருசம் புலமைப்பரிசில் ரீச்சர். இப்ப போய் அ, ஆ படிப்பிச்சா வினாத்தாள் எப்ப செய்யிறது?” என்று ஒரு அக்கா எழும்பினார். அவருடைய மகள் நன்றாக வாசிப்பவள், ரியூசனுக்கும் போகிறாள். மற்றப் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளை காத்திருக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. அதைச் சுயநலம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் நல்ல பாடசாலைக்குப் போக ஏழைப் பிள்ளைக்கு இருக்கிற பெரிய வழி தரம் 5இல் எழுதும் அந்தப் புலமைப்பரிசில் பரீட்சைதான்.

இன்னொருவர் ஆசிரியர் போராட்டத்தை இழுத்தார். அது கொஞ்ச நேரம் போனது, ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு ஒரு அண்ணை சொன்னார்: “நாங்களும் மெனிக் பாமில படிப்பை விட்டனாங்கள்தானே. பிறகு பிடிச்சிட்டம். இதுகளுக்கும் தானா வரும்.” மெனிக் பாம் என்பது 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனங்களை வைத்திருந்த வவுனியா முகாம். பல பேர் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம், எல்லாரும் அதைக் கடந்து வந்தவர்கள்.

அதுவரை பேசாமல் இருந்த ஒரு தங்கச்சி அப்போதுதான் வாய் திறந்தார். “உங்களுக்கு வந்தது அண்ணை. எனக்கு வரேல்லை. 2008இல இடம்பெயரேக்க நான் ஒன்பதாம் ஆண்டு. திரும்பி வந்தாப் பிறகு சின்னப் பிள்ளையளோட இருக்க வெக்கமாக் கிடந்தது, போகேல்லை. தானா வரும் எண்டு எனக்கும்தான் சொன்னவை. இப்ப என்ர பிள்ளைக்குச் செயலட்டை வந்தா அதில என்ன கேட்டிருக்கெண்டு நான் பக்கத்து வீட்டைதான் போய்க் கேக்கிறன்.”

என் மனம் அன்றைக்குத்தான் தீர்ந்தது. பிடித்துக்கொண்டவர்கள்தான் கூட்டத்தில் எழும்பிப் பேசுகிறார்கள், விட்டுப்போனவர்கள் பின் வாங்கில் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறார்கள். வினாத்தாளை வாசித்து விளங்காத பிள்ளைக்கு ஆயிரம் வினாத்தாள் செய்வித்தும் பலன் இல்லை. அந்த வகுப்பு எல்லாருக்கும் பொதுவானது, எழுத்து வராத பிள்ளைக்குத்தான் முதல் உரிமை என்று நானும் எழும்பிச் சொன்னேன். அதனால் அந்த அக்கா என்னோடு கதைக்காமல் விட்டார், இன்னும் சரியாகவில்லை. எனக்கு அது கவலைதான்.

ஆசிரியை பின்வாங்கவில்லை. பாடவேளைக்குப் பதிலாகப் பாடசாலை தொடங்க முன் அரை மணித்தியாலம் என்று மாற்றினார். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பத்திரிகைத் தலைப்பு, சவர்க்காரப் பெட்டி, பஸ் பெயர்ப்பலகை என்று மனப்பாடம் செய்ய முடியாதவற்றை வாசிக்க வைத்தார்கள். வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள், உங்கள் பிள்ளை உண்மையில் வாசிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். என் மகனுக்கு அந்த வருடக் கடைசியில்தான் எழுத்து வசப்பட்டது. தானா வரும் என்ற அண்ணையின் மகனும் அந்த அரை மணித்தியாலத்துக்கு வந்தான். எல்லாருக்கும் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 15ஆம் திகதி இவர்கள் புலமைப்பரிசில் எழுதினார்கள். கேள்விகள் முன்கூட்டியே வெளியான அதே பரீட்சை. தரம் 1இலிருந்து ஒன்றும் நேராக அமையாத பிள்ளைகளுக்கு அதுவும் இப்படிப் போனதே என்று எனக்குத் தாங்க முடியாத கோபம்.

இப்போது பிள்ளைகள் இடைநிலைக்குப் போய்விட்டார்கள். பாடத்துக்கொரு ஆசிரியர், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அங்கே தனி நேரம் இல்லை. உங்கள் பாடசாலைகளில் தரம் 6க்கு மேல் யாராவது இதைச் செய்திருந்தால், எந்த நேரத்தில், எந்த ஆசிரியரை வைத்து, மற்றப் பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று விபரமாக எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் அதைக் கொண்டுபோக வேண்டும்.