'க்யூரிங்' என்பதற்கு ஒரு சொல் போதாது: ஈரம்பேணல், முற்றல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டுப் பழுதுபார்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பது 'க்யூரிங்' (curing) ஒன்றுதான்; பூசிய சிமெண்டு வலுப்பெறும்வரை அதை ஈரமாகவே வைத்திருக்கும் வேலையை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். இதுவரை வந்த மடல்களை எல்லாம் மறுபடி படித்தேன். நீண்ட பதில்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கொத்தனாருக்கு 'க்யூரிங்' என்றாலே புரிகிறது. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கொத்தனாருக்குப் புரியும். ஆனால் நம் கையேடு கொத்தனாருக்கு எழுதப்படவில்லை. உடைந்த படியைத் தானே பூசிக்கொள்ள நினைப்பவருக்கு எழுதுகிறோம். அவர் மனத்தில் 'க்யூரிங்' என்ற ஒலி எந்தப் பொருளையும் எழுப்பாது. அந்த வெற்றிடத்தில் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அது 'காய்தல்'.

எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வாசல் படி ஒன்றை நானே பூசினேன். இரண்டாம் நாள் படி வெளுத்து, தட்டினால் கல்போல ஒலித்தது. காய்ந்துவிட்டது என்று தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன். சில மாதங்களில் மேற்பரப்பு மாவு மாவாக உதிரத் தொடங்கியது. மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் பரவின. கலவையின் அளவும் மணலும் சரியாகவே இருந்தன. என் கையை நிறுத்தியது 'காய்ந்துவிட்டது' என்ற அந்த ஒரு சொல்தான்.

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. அது நீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. 100 கிலோ சிமெண்டு முழுமையாக வினைபுரிந்தால் ஏறத்தாழ 23 முதல் 25 கிலோ நீர் அந்தக் கல்லின் உடலாகவே மாறிவிடுகிறது. நீருக்கடியில் ஊற்றும் கான்கிரீட்டும் இதனால்தான் இறுகுகிறது; பாலத்தின் அடித்தூண்களே அதற்குச் சாட்சி. உள்ளே இருக்கும் ஈரம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் வினை நின்றுவிடும். பாதியில் நின்ற வினையைப் பிறகு தண்ணீர் ஊற்றி முழுதாக மீட்க முடியாது. வெளியே பார்க்க எல்லாம் கல்லாகவே தெரியும், அதுதான் ஆபத்து.

மண்சுவர் உண்மையிலேயே காய்கிறது. நீர் வெளியேறுவதால்தான் அது கெட்டிப்படுகிறது. அந்தப் பழக்கத்தில் வந்த சொல்லைத்தான் சிமெண்டின் மீதும் போட்டுவிட்டோம் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும், நாம் தேர்ந்தெடுக்கும் சொல் 'காய்தல்' என்ற எண்ணத்தை முறிப்பதாக இருக்க வேண்டும். என் அளவுகோல் இது ஒன்றே.

இனி வந்த பரிந்துரைகள்.

> 'பதப்படுத்தல்' ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். இரண்டிலும் கெடாமல் வைப்பதே நோக்கம், பெரும்பாலும் ஈரத்தை நீக்கித்தான் அதைச் செய்கிறோம். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரான படத்தைக் காட்டும் சொல் இது. சொல் நல்ல சொல்தான், இந்த இடத்துக்கு உரியதன்று.

'நீராற்றல்' அச்சிலும் வழங்குகிறது, அதனால் அதைத் தள்ள எனக்குத் தயக்கம் இருந்தது. ஆயினும் நீரின் ஆற்றலால் மின்சாரம் எடுப்பதற்கும் அதே எழுத்துகள்தாம். கட்டுமானம் பற்றித் தேடுபவர் முன் அணைக்கட்டுகள் வந்து நிற்கும். போதாததற்குச் சுண்ணாம்பை 'நீற்றுதல்' என்ற வேறொரு வேலையும் அருகிலேயே இருக்கிறது. 'ஆற்றுதல்' என்றாலோ சூடு தணிப்பது. சிமெண்டு வினைபுரியும்போது வெப்பம் வெளிவருவது உண்மை. ஆனால் படியில் தண்ணீர் தெளிப்பது சூட்டைத் தணிப்பதற்காக அன்று.

'ஈரக்காப்பு' என்று முதலில் எழுதியவன் நானே. அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். தீக்காப்பு என்றால் தீயிலிருந்து காப்பது. நீர்க்காப்பு என்றால் நீர் புகாமல் காப்பது. அந்த வரிசையில் ஈரக்காப்பு என்று படிப்பவர், சுவரில் ஈரம் ஏறாமல் தடுப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரே கையேட்டில் 'ஈரத்தடுப்புப் படலம்' என்று வேறோர் இயலும் இருக்கும்போது இந்தக் குழப்பம் கூடவே கூடாது. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

என் இப்போதைய பரிந்துரை 'ஈரம்பேணல்'. பேணுதல் என்றால் ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வாடாமல் வைத்திருப்பது. ஒருமுறை ஊற்றிவிட்டுப் போவதைப் பேணுதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செய்ய வேண்டிய வேலை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> புணர்ச்சிப்படி 'ஈரப்பேணல்' என்றல்லவா வர வேண்டும்?

மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. மரக்கொத்தி என்று நாம் சொல்வதில்லை. ஈரத்தைப் பேணுவது ஈரம்பேணல். இதில் வல்லினம் மிகாமல் இருப்பதே பொருளுக்கும் துணை செய்கிறது. பிரித்து வினையாகவும் ஆளலாம்: 'ஈரம் பேணுங்கள்', 'ஈரம் பேணாத தளம்'. வினையாகப் புழங்க முடியாத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும் என்பது என் நெடுநாள் அனுபவம்.

கையேட்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்.

'சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் பேணுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டு மெதுவாக வலுப்பெறும். அதற்கு 10 முதல் 14 நாள் தேவை.'

'காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துவிட்டு இடையில் வெயிலில் விடுவது ஈரம்பேணல் ஆகாது. நனைந்தும் உலர்ந்தும் மாறி மாறி வந்தால் மேற்பரப்பு வெடிக்கும். நனைத்த சாக்கைப் பரப்பி, அதன்மேல் பாலித்தீன் விரிப்பைப் போட்டு, ஓரங்களில் காற்று நுழையாதபடி பாரம் வையுங்கள்.'

'தட்டையான தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே மிக நல்ல ஈரம்பேணல். தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைத்துக்கொண்டே இருங்கள்.'

'பழைய கான்கிரீட்டின் மேல் ஒட்டுப் போடும்போது ஈரம்பேணல் முந்தின நாளே தொடங்குகிறது. அடித்தளம் நீரைக் குடித்து நிறைந்திருக்க வேண்டும். ஆனால் மேலே தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. இல்லையென்றால் மெல்லிய ஒட்டிலிருக்கும் நீரைப் பழைய தளமே உறிஞ்சிவிடும்.'

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான் சொல் எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கிறது என்பது எனக்கே புரிந்தது. 'தண்ணீர் விடுதல்' என்று எழுதியிருந்தால் பாலித்தீன் விரிப்பு அதில் அடங்காது. ஆவியாகாமல் தடுக்கத் தெளிக்கும் மெழுகுக் கரைசலும் அடங்காது. 'ஈரம்பேணல் பூச்சு' என்றால் அடங்கிவிடுகிறது.

அடுத்ததாக, யாரும் இதுவரை எடுக்காத ஒரு சிக்கல். பசை, சிலிக்கோன், எபாக்சி, பெயிண்ட் ஆகியவற்றின் உறையிலும் 'க்யூரிங்' என்றே அச்சிடுகிறார்கள். எபாக்சியில் பேணுவதற்கு ஈரமே இல்லை. இரண்டு பொருள்கள் கலந்து ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் இரண்டைப் போட்டுவிட்டது: பொருளுக்குள் நிகழ்வது ஒன்று, அது நிகழ மனிதர் செய்யும் வேலை ஒன்று. நாமும் அவற்றை ஒன்றாகவே கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

பொருளுக்குள் நிகழ்வதற்கு 'முற்றல்' என்று வைக்கலாம். முற்றிய மரம், முற்றிய மூங்கில் என்று கட்டுமானத்திலேயே வழங்கும் சொல் அது. பார்ப்பதற்கு வளர்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே வைரம் பாயவில்லை என்றால் 'இன்னும் முற்றவில்லை' என்போம். பெயிண்டுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நீர் கலந்த பெயிண்ட் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும், தொட்டால் கையில் ஒட்டாது. ஆனால் முற்றுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் சுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் படலம் போய்விடும். 'உலர்ந்தது, முற்றவில்லை' என்ற இரண்டே சொல்லில் வாசகருக்கு அது புரிந்துவிடும்.

சிலிக்கோன் இன்னும் சுவையான செய்தி. குளியலறை ஓரத்தில் வைக்கும் வகை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு முற்றுகிறது. வறண்ட காற்றில் தாமதமாகும். வெளியிலிருந்து உள்ளே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் முற்றும். மேலே தோல் கட்டியதும் 'காய்ந்துவிட்டது' என்று குழாயைத் திறந்தால் உள்ளே இன்னும் பசையாகவே இருக்கும். இங்கும் அதே பழைய சொல்தான் வேலையைக் கெடுக்கிறது.

> 'முற்றியது' என்றால் நோய் முற்றியது, சண்டை முற்றியது என்றல்லவா தோன்றும்?

தோன்றலாம். ஆனால் கூடவே நிற்கும் பெயர்ச்சொல் பொருளை நிலைநிறுத்திவிடும். 'எபாக்சி முற்ற 24 மணி நேரம்' என்று படிப்பவர் நோயை நினைக்க மாட்டார்.

எனவே பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று முன்மொழிகிறேன். ஊற்றிய சில மணி நேரத்தில் கலவை வடிவம் மாறாமல் நிற்பது 'இறுகல்'. நாள்கணக்கில் வலு ஏறுவது 'முற்றல்'. கான்கிரீட்டின் வலுவை வழக்கமாகச் சோதிக்கும் 28 ஆம் நாளை 'முற்றல் நாள்' என்று சொல்லலாமா என்பதையும் யோசியுங்கள். முற்றுவதற்காக நாம் செய்யும் பணி, சிமெண்டைப் பொறுத்தவரை, 'ஈரம்பேணல்'. நீர் வெளியேறுவது மட்டும் 'உலர்தல்'. 'காய்தல்' என்ற சொல்லைச் சிமெண்டு இயல் முழுவதிலும் தவிர்த்துவிடலாம்.

மறுப்போ மாற்றுச் சொல்லோ இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தில் பொருத்திக் காட்டி எழுதுங்கள்: 'புதிதாகப் பூசிய படியை 7 நாள் ______, வெளுத்துவிட்டதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.'

அன்புடன்.