வெனிஸில் உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கா?

வடைமாலை:
ரியால்டோ பாலத்தை விடுங்க, அது எல்லார் போன்லயும் இருக்கு. அதைத் தாண்டி காய்கறிச் சந்தைக்குப் பின்னாடி ஒரு குட்டிப் பாலம். படியில மனைவியை நிறுத்தி, "கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்"னு படம் எடுத்துட்டிருந்தேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பினா ஒரு பாட்டி, சக்கரம் வெச்ச பையோட நிக்கிறாங்க. பையிலிருந்து செலரித் தழை எட்டிப் பார்க்குது. எவ்வளவு நேரமா நின்னாங்களோ! ஒரு வார்த்தை பேசல. நான் ஒதுங்கினதும் பையைப் படிப்படியா டொக் டொக்குனு இழுத்துட்டு ஏறிப் போயிட்டாங்க. திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.

சாயந்தரம் சான் பார்த்தலோமியோ சதுக்கத்துல ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில, ஊர்ல இப்போ எத்தனை பேர் குடியிருக்காங்கன்னு காட்டுற எண்ணைப் பார்த்தோம். தீவுல குடியிருக்கிறவங்க 50,000க்கும் கீழ. "பாட்டியையும் சேர்த்துத்தான்"னு மனைவி சொன்னாங்க. அந்தப் படத்தை அழிக்கவும் இல்ல, எங்கேயும் போடவும் இல்ல.

தெக்கத்திக்காத்து:
இதுக்குப் போய் ஏங்க இவ்வளவு வருத்தம்? நம்ம காசுலதானே அந்த ஊரே ஓடுது. நான் போனது 2024 மே. ஒரு நாள் வந்துட்டுப் போறவங்களுக்கு 5 யூரோ கட்டணம் ஆரம்பிச்ச புதுசு. ரயில் நிலைய வாசல்லயே கியூஆர் கோடு கேட்டாங்க. எனக்கு முன்னாடி ஒரு பையன் அடையாள அட்டையை நீட்டி, ஏதோ சலிப்பா சொல்லிட்டுப் போனான். உள்ளூர்க்காரனாம். சொந்த ஊருக்குள்ள போக அட்டை. அது மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு.

ஜன்னலோரம்:
@தெக்கத்திக்காத்து காசு கொடுத்தா வழியை மறிக்கலாமா? நீங்க சொன்ன கதையே உங்க கட்சிக்கு எதிரா இருக்கு.

என் கதை சின்னது: வபோரெட்டோங்கிற பொதுப் பயணப் படகுல (அந்த ஊர் பஸ் மாதிரி) என் முதுகுப்பை ஒரு பெரியவர் மூக்குல இடிச்சுது. அதனால போறவங்க கேட்டுக்கோங்க. படகு ஏறினதும் பையைக் கழட்டிக் கால்கிட்ட வைங்க. டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம்தான் செல்லும். கொண்டோலாவுக்குப் பகல்லயே அரை மணிக்கு 90 யூரோ. பெரிய கால்வாயைக் கடக்க மட்டும்னா சாந்தா சோஃபியா படித்துறைகிட்ட டிராகெட்டோ, அதாவது பல பேரைச் சேர்த்து ஏத்திக் கரை கடத்துற படகு இருக்கு, 2 யூரோ. சான் மார்கோ சதுக்கத்துல படியில உட்கார்ந்து பொட்டலம் பிரிக்காதீங்க, அபராதம் போடுவாங்க. புறாவுக்குத் தீனியும் கூடாது, 2008லயே தடை. ஒரு ராத்திரியாவது தங்குங்க. பகல் கூட்டம் ரயிலேறினப்புறம் ஊரோட கிழக்குப் பகுதியான கஸ்தெல்லோ பக்கம் நடந்தா உங்க செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

வடைமாலை:
நான் டிக்கெட் விலை கேட்கலீங்களே.

புளியோதரை:
அது செலரியா இருக்காது. பெருஞ்சீரகத் தழையா இருக்கும். அங்கே அதைக் கிழங்கு மாதிரி அடியோட வாங்கிச் சமைப்பாங்க.