உதவி: தாய்லாந்துக்காரங்க சொல்ற 'சலிம்' இனிப்பா, வசையா?

வரித்துணை: 2020 பாங்காக் மாணவர் போராட்டம் பத்தின ஒரு ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுறேன். அடிக்கடி 'சலிம்'னு திட்டுறாங்க. ஆங்கிலத்துல 'அதிதீவிர மன்னர் ஆதரவாளர்'னு இருக்கு, அகராதியில தேடினா ஏதோ இனிப்பு வருது. அப்படியே விட்டா, யாரோ சலீம் பாயைச் சொல்றாங்கன்னு நம்ம ஆளுங்க நினைச்சுப்பாங்க. என்ன போடலாம்?

பினாங்கு வாசி: ரெண்டும் ஒண்ணுதான். பாசிப்பயறு மாவுல செஞ்ச மெல்லிசு சேமியா; பச்சை, ரோஸ், வெள்ளைன்னு கலந்து தேங்காய்ப்பால்லயும் ஐஸ்லயும் போட்டுத் தருவாங்க. எங்க ஊர் செண்டோலுக்குத் தங்கச்சி. முறையான எழுத்து 'சாரிம்'.

பழைய செய்தி: இனிப்பு வசையானது 2010-ல. அப்போ தாய்லாந்து அரசியல்ல சட்டை நிறம்தான் அணி. மஞ்சள் சட்டை அரண்மனைப் பக்கம். மன்னர் பூமிபோல் பிறந்த திங்கட்கிழமையோட நிறம் அது. சிவப்பு, முன்னாள் பிரதமர் தக்சின் பக்கம். சிவப்புச் சட்டைகள் பாங்காக்ல ராட்சபிரசோங் சந்திப்பை மறிச்சப்போ, 'நாங்க எந்தக் கட்சியும் இல்ல'ன்னு பல வண்ணச் சட்டையில ஒரு கூட்டம் கிளம்புச்சு. துல் சித்திசோம்வோங்னு ஒரு டாக்டர் முன்னாடி நின்னார். ஆனா பேச்செல்லாம் மஞ்சளோட பேச்சு. கலர் கலரா இருந்தாலும் கிண்ணம் ஒண்ணுதானேன்னு எதிராளிங்க இந்தப் பேரை வச்சுட்டாங்க.

அப்புறம் சட்டை போச்சு, பேர் நின்னுடுச்சு. படிச்ச, வசதியான நகரத்து ஆள். கிராமத்தான் ஓட்டை மதிக்காம, ராணுவப் புரட்சிக்குக் கைதட்டுற ஆள்னு அர்த்தம் விரிஞ்சுது. வீட்டுல மன்னர் படம் மாட்டி வச்சிருக்கிற கிராமத்துப் பாட்டியை யாரும் சலிம்னு சொல்றதில்ல. அதனால வெறும் 'மன்னர் ஆதரவாளர்'னு போட்டா உறைக்காது.

ஓரெழுத்து: 'ராஜாவை மிஞ்சின ராஜ விசுவாசி'?

பழைய செய்தி: அர்த்தம் சரி, சப்டைட்டிலுக்கு நீளம். முதல் தடவை 'சலிம் கும்பல்'னு போட்டு மேல ஒரு வரி விளக்கம் குடுங்க. அப்புறம் 'சலிம்' போதும்.

வரித்துணை: ஒரு பொண்ணு 'எங்கம்மா ஒரு சலிம்'னு சிரிக்குது. அங்க?

ஓரெழுத்து: 'எங்கம்மா பக்கா சலிம்.' பொண்ணு சிரிக்கிறதே மீதியைச் சொல்லிடும்.

வரித்துணை: சரி. மாணவர்களுக்கு எதிர்ப்பக்கம் 'மூணு குளம்பு'ங்குது, இன்னொரு இடத்துல 'சிவப்பு எருமை'.

பழைய செய்தி: முதலாவது, மாணவர்களோட மூணு விரல் வணக்கத்தைக் கால்நடைக் குளம்புன்னு கிண்டல் பண்றது. கை உயர்த்துற காட்சி முன்னாடியே வந்திருந்தா நேரடியாப் போடுங்க. எருமைக்கு விளக்கமே வேண்டாம், நம்ம ஊர்லயும் அதே திட்டுதான்.