குரோஷே சதுரம் மேலே போகப் போகக் குறுகுகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) பழக ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. 4 மி.மீ. ஊசி, கருநீல உல்லன் நூல். டம்ளர் வைக்கிற மாதிரி சின்னச் சதுரம் போடலாம் என்று 21 செயின் (சங்கிலி மாதிரி கோத்த நூல் வளையம்) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படை ஸ்டிச்) போட்டேன். முதல் வரிசையில் எண்ணியபோது சரியாக 20 இருந்தது, அப்புறம் எண்ணவில்லை. இப்போது 11ஆவது வரிசையில் பார்த்தால் இரண்டு பக்கமும் உள்ளே போய்க் கோபுரம் மாதிரி நிற்கிறது. மூன்று முறை பிரித்துப் போட்டும் இப்படியேதான் வருகிறது. அம்மா பிறந்தநாளுக்கு ஆறு சதுரம் தர ஆசை, யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
நூலை இறுக்கி இழுக்கிறீர்கள் போல. 5 மி.மீ. ஊசிக்கு மாறிப் பாருங்கள்.

பதில் 2:
இறுக்கிப் போட்டால் விறைப்பாக வரும், ஊசி நுழையாது, ஆனால் இந்த அளவுக்குக் குறுகாதுங்க. 11ஆவது வரிசையில் எத்தனை ஸ்டிச் இருக்கிறது? வரிசை முடிந்து திருப்பியதும் முதலில் என்ன செய்கிறீர்கள்?

கேட்டவர்:
10தான் இருக்கிறது அக்கா! திருப்பி, ஒரு செயின் போட்டு, முதல் ஸ்டிச்சை விட்டுவிட்டு அடுத்ததில் போடுகிறேன். வீடியோவில் அப்படித்தான் காட்டினார்கள்.

பதில் 2:
பத்து முறை திருப்பியதில் பத்து ஸ்டிச் போயிருக்கிறது, அப்படியானால் விட்டுவிடுகிற அந்த முதல் ஸ்டிச்தான் காரணம். நீங்கள் பார்த்தது டபுள் குரோஷே (சிங்கிளைவிட உயரமான ஸ்டிச்) வீடியோவாக இருக்கும். அதில் திருப்பியதும் 3 செயின் போடுவார்கள், அது ஒரு டபுள் உயரத்துக்கு நிற்பதால் அதையே முதல் ஸ்டிச்சாக எண்ணி அடியில் இருப்பதை விட்டுவிடுவார்கள். சிங்கிளில் போடுகிற ஒரு செயின் உயரத்துக்கு மட்டும்தான், கணக்கில் வராது. அதனால் அந்தச் செயினின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற முதல் ‘வி’யில் (ஒவ்வொரு ஸ்டிச்சின் மேல்பக்கமும் V எழுத்து மாதிரி தெரியும்) ஊசியை விட வேண்டும், ‘வி’யின் இரண்டு இழைக்கும் கீழே. இன்னொன்று, அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதைத்தான் இங்கிலாந்து முறையில் டபுள் என்கிறார்கள், அதனால் பெயரை மட்டும் நம்பாமல் செய்முறையைப் பாருங்கள்.

கேட்டவர்:
பிரித்துத் திரும்பப் போட்டேன். இப்போது இரண்டாவது வரிசையில் 20, மூன்றாவதில் 21 வருகிறதே?

பதில் 2:
கடைசியில் அந்தத் திருப்புச் செயினுக்குள்ளும் ஒன்று போட்டுவிட்டீர்கள். ஓரத்தில் அது சின்ன முடிச்சு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், அதைத் தொடாதீர்கள். நிஜமான கடைசி ஸ்டிச் அதற்கு முன்னால் கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்கும், கட்டைவிரலால் ஓரத்தை லேசாக இழுத்துப் பிடித்தால் ‘வி’ விரிந்து தெரியும். கருநீலத்தில் இதைக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கஷ்டம், பழகும்வரை வெளிர் நிறம் எடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஸ்டிச் போட்டவுடன் அதன் ‘வி’யில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கிற இடம்தான் கடைசி, அதோடு நிறுத்தித் திருப்புங்கள்.

பதில் 1:
இது எனக்கும் தெரியாமல் இருந்தது, நன்றி அக்கா.

கேட்டவர்:
வெளிர் மஞ்சளில் எட்டு வரிசை ஆகிவிட்டது, எட்டிலும் 20! ஓரம் நேராக வருகிறது. சதுரமாக நிற்க எத்தனை வரிசை போடணும்?

பதில் 2:
ரொம்ப சந்தோஷம்ங்க. சிங்கிளில் ஸ்டிச் எண்ணிக்கையைவிட வரிசை கொஞ்சம் கூடவே வேண்டியிருக்கும், அது கையைப் பொறுத்தது. 20 வரிசை தாண்டியதும் துணியைக் குறுக்காக, மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தியதும் நூலை வெட்டிவிடலாம்.