வீட்டில் கலந்த கீர்த்தனை: கேட்டவர்களின் கருத்தை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி:
வீட்டு அறையில் பதிவு செய்த ஒரு கீர்த்தனையின் குரல், வயலின், மிருதங்கம், தம்பூரா என நான்கு ஒலித்தடங்களை ஒன்றாகக் கலந்து மூன்று நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் "அருமை" என்றார். மற்றொருவர் "குரல் மூடியிருக்கிறது" என்றார். மூன்றாமவர் பதிலே எழுதவில்லை. இவற்றைக் கொண்டு எதைத் திருத்துவது?

பதில் 1:
"மூடியிருக்கிறது" என்பதே உங்களுக்குக் கிடைத்த நல்ல குறிப்பு. சிறிய அறையில் பதிவான குரலில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதி பெரும்பாலும் தடித்துவிடும். அங்கேயே தம்பூராவும் மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) வந்து சேர்வதால் சொற்கள் தெளிவிழக்கின்றன. தம்பூராவில் அப்பகுதியை 3 டெசிபெல் குறைத்துவிட்டு, குரலைத் தொடாமல் ஒருமுறை கேளுங்கள்.

பதில் 2:
உடன்படுகிறேன். ஆனால் பழைய கலவையையும் புதியதையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்; சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காதுக்குத் தோன்றிவிடும். நண்பர்களிடமும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "சரணத்தில் எந்த இடத்தில் சாகித்தியம் (பாடல் வரிகள்) புரியவில்லை?" என்று கேளுங்கள். மௌனமாக இருந்தவரும் அதற்கு எழுதுவார் என்று நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்:
தம்பூராவைக் குறைத்ததும், அனுபல்லவியில் அமுங்கிக் கிடந்த கடைசிச் சொல் தெளிவாகக் கேட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.